நெஞ்சுக் காயத்துக்கு மெல்லிய வடிகுழாய் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெஞ்சில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. விலா எலும்புகளுக்கு இடையே ஒரு குழாயைச் செலுத்தி, உள்ளே தேங்கிய ரத்தத்தையும் காற்றையும் வெளியேற்றினாலே போதும். மருத்துவமனைப் பேச்சில் ‘ஐசிடி’ என்று சொல்லப்படுவது இந்தக் குழாய்தான். சுண்டுவிரல் பருமனுள்ள குழாயைத்தான் போட வேண்டும் என்று பல தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இன்று தகுந்த நோயாளிக்குப் பென்சிலை விட மெல்லிய குழாய் போடப்படுகிறது. இந்த மாற்றத்தைக் கண்டு உறவினர்கள் கவலைப்படுகிறார்கள். இளம் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். இரு தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நெஞ்சில் அடிபட்டால் குழாய் எதற்கு?

நுரையீரலின் மேற்பரப்பையும் நெஞ்சுக்கூட்டின் உட்சுவரையும் இரண்டு மெல்லிய உறைகள் மூடியிருக்கின்றன. இயல்பான நிலையில் இரண்டுக்கும் நடுவே சில மில்லி லிட்டர் திரவம் மட்டுமே இருக்கும். அங்கே நிலவும், வெளிக்காற்றை விடக் குறைந்த அழுத்தம்தான் நுரையீரலை விரிந்த நிலையில் பிடித்து வைத்திருக்கிறது. விலா எலும்பு முறிந்து அதன் முனை நுரையீரலைக் கிழித்தாலும், கத்தி போன்ற கூரிய பொருள் உள்ளே பாய்ந்தாலும், அந்த இடைவெளிக்குள் காற்றோ ரத்தமோ இரண்டுமோ புகுந்துவிடுகின்றன. அவை இடத்தை அடைத்துக்கொள்ள, நுரையீரல் சுருங்குகிறது; மூச்சு வாங்குகிறது. பெரியவர் ஒருவரின் நெஞ்சின் ஒரு பக்கத்திலேயே ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் வெளியே தெரியாமல் தேங்க முடியும் என்பதால், இந்தக் காயத்தை ஒருபோதும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழாய் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தேங்கியதை வெளியேற்றி நுரையீரல் மீண்டும் விரிய வழி செய்கிறது. ரத்தக் கசிவு நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்பதை மணிக்கு மணி நமக்குக் காட்டுகிறது. இந்த இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

28 பிரெஞ்சு, 14 பிரெஞ்சு என்கிறார்களே, அது என்ன அளவு?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் அறுவைக் கருவிகள் செய்துவந்த ஷாரியேர் என்பவர் வகுத்த அளவுமுறை அது. ஒரு பிரெஞ்சு என்பது குழாயின் வெளிவிட்டத்தில் ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லி மீட்டர் கிடைத்துவிடும்: 36 பிரெஞ்சு 12 மி.மீ., 28 பிரெஞ்சு ஏறக்குறைய 9.3 மி.மீ., 14 பிரெஞ்சு ஏறக்குறைய 4.7 மி.மீ. மெல்லிய குழாய் என்று இந்தப் பக்கத்தில் நான் சொல்வது பெரும்பாலும் 14 பிரெஞ்சு அளவில் வரும், நுனி பன்றிவால் போலச் சுருண்டிருக்கும் ‘பிக்டெயில்’ குழாயைத்தான். அந்தச் சுருள், குழாய் எளிதில் நழுவி வெளியே வராமல் இருக்க உதவுகிறது. வடியும் துளைகளும் அங்கேயே இருக்கின்றன.

இத்தனை காலம் பெரிய குழாயையே ஏன் போட்டார்கள்?

ரத்தம் உறையும் என்ற அச்சத்தினால். சிறு துளையில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும், உள்ளே ரத்தம் தங்கிவிடும், அது பின்னர் சீழ் பிடிக்கும் என்ற தர்க்கம் கேட்பதற்கு மிகச் சரியாகவே இருந்தது. அதனால் விபத்துச் சிகிச்சைக்கான ஏடிஎல்எஸ் பயிற்சிநூலும் 36 முதல் 40 பிரெஞ்சு வரையுள்ள குழாயையே நெடுங்காலம் பரிந்துரைத்துவந்தது. 2018-இல் வெளிவந்த அதன் பத்தாம் பதிப்பில்தான் அந்த அளவு 28 முதல் 32 பிரெஞ்சு என்று குறைக்கப்பட்டது.

அந்தத் தர்க்கத்தில் விடுபட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. நெஞ்சறைக்குள் கசியும் ரத்தம் ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்த ரத்தம் போல அசையாமல் கிடப்பதில்லை. இதயத் துடிப்பும் மூச்சின் அசைவும் அதை இடைவிடாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால், உறைவதற்குத் தேவையான நாரிழைகள் பிரிந்து, பெரும்பகுதி நீர்த்த நிலையிலேயே இருக்கிறது. திரவமாக இருப்பது மெல்லிய குழாயிலும் வடியும். ஏற்கெனவே கெட்டியாக உறைந்துவிட்ட கட்டியோ 40 பிரெஞ்சு குழாயிலும் வராது. பெரிய குழாய் போட்டும் ரத்தம் தங்கிப்போன நோயாளிகளை விபத்துப் பிரிவில் வேலை செய்த எல்லா மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள்.

குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுமே?

நல்ல கேள்வி. குழாயில் சீராக ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று பௌதிகம் சொல்கிறது. உள்விட்டமும் அதே விகிதத்தில் குறைகிறது என்று கொண்டால், 28-க்குப் பதில் 14 போடும்போது ஓட்டத் திறன் பதினாறில் ஒரு பங்காகக் குறைவது உண்மைதான். ஆனால் நமக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலையாக இருக்கும் ஒருவரின் நெஞ்சில் 500 மில்லி ரத்தம் தேங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அரை மணி நேரத்தில் வடிய வேண்டுமானால் நிமிடத்துக்கு 17 மில்லி வெளியேறினால் போதும். அடைப்பில்லாத 14 பிரெஞ்சு குழாய் இதைச் சிரமமின்றிச் செய்யும்.

ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லி ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு மெல்லிய குழாய் போதாது. சரியாகச் சொன்னால் அவருக்குத் தேவை குழாயே அல்ல, அறுவை அரங்கம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதல் திருப்பம் 2012-இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு. 293 நோயாளிகளுக்குப் போடப்பட்ட 353 குழாய்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 28–32 பிரெஞ்சு குழாய்க்கும் 36–40 பிரெஞ்சு குழாய்க்கும் இடையே ரத்தம் தங்கிப்போவதிலோ, மீண்டும் குழாய் போட வேண்டிவந்ததிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலியிலும் வேறுபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். மிகப் பெரிய குழாயிலிருந்து சற்றே சிறியதற்கு இறங்கினால் நோயாளிக்கு அதிகம் மிச்சமாவதில்லை.

அடுத்த கேள்வியை அமெரிக்காவின் அரிசோனாவில் பணிபுரிந்த ஒரு குழு எழுப்பியது: 14 வரை இறங்கினால் என்ன? தங்கள் மருத்துவமனையில் ஏழு ஆண்டுகளில் ரத்தம் தேங்கியவர்களுக்குப் போட்ட குழாய்களை அவர்கள் தொகுத்துப் பார்த்தபோது, மெல்லிய குழாய் பின்தங்கவில்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் மெல்லிய குழாய் பெரும்பாலும் அவசரமில்லாதவர்களுக்கே போடப்பட்டிருந்தது. அது நியாயமான ஒப்பீடு ஆகாது என்ற ஐயம் எழுந்தது. ஆகவே யாருக்கு எந்தக் குழாய் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் சோதனைகளைத் தொடங்கினார்கள். 2021-இல் வெளியான அவர்களுடைய முதல் சோதனையில் 43 பேர் இருந்தார்கள். அதே ஆண்டில் வெளியான, பல மையங்கள் சேர்ந்து நடத்திய சோதனையில் 119 பேர். இந்த இரண்டாவதில் குழாய் பயனளிக்காமல் வேறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மெல்லிய குழாய்ப் பிரிவில் 11 சதவீதம், 28–32 பிரெஞ்சு பிரிவில் 13 சதவீதம். குழாய் போட்ட அனுபவம் எப்படி இருந்தது என்று நோயாளிகளிடம் கேட்டபோது, மெல்லிய குழாய் போட்டுக்கொண்டவர்கள் தாங்கிக்கொள்ளும்படி இருந்தது என்றார்கள். மற்றவர்களுக்கு அது கசப்பான அனுபவமாக இருந்தது.

அமெரிக்காவின் ஈஸ்ட் எனப்படும் விபத்து அறுவைச் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரத்த ஓட்டம் நிலையாக உள்ளவர்களுக்கு மெல்லிய குழாயை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. ‘நிபந்தனையோடு’ என்ற சொல்லை நான் மதிக்கிறேன். 119 பேர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. இன்னும் பெரிய சோதனைகள் வர வேண்டும். ஆனால் கையில் இருக்கும் சான்றுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது, பழக்கத்தின் பெயரால் பெரிய குழாயைப் பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இல்லை என்பதே என் கருத்து.

மெல்லிய குழாய் யாருக்குக் கூடாது?

ரத்த அழுத்தம் இறங்கி, நாடி ஓடி, உயிருக்குப் போராடும் நிலையில் வருகிறவருக்குக் கூடாது. மேலே சொன்ன சோதனைகளில் அப்படிப்பட்ட அவசர நோயாளிகள் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்கு மெல்லிய குழாய் பாதுகாப்பானது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அங்கே விரலை உள்ளே விட்டு வழியை உறுதி செய்து, பெரிய குழாயை விரைந்து போடுவதே முறை. குழாய் போட்டவுடனே 1500 மில்லிக்கு மேல் ரத்தம் வந்தாலோ, தொடர்ந்து சில மணி நேரம் மணிக்கு 200 மில்லி வீதம் வந்துகொண்டே இருந்தாலோ, நெஞ்சைத் திறந்து ரத்தக் கசிவை நிறுத்த வேண்டுமா என்று அறுவைச் சிகிச்சையாளர் உடனே முடிவெடுக்க வேண்டும்.

முன்பு நெஞ்சில் அறுவை நடந்தோ நோய்த்தொற்று ஏற்பட்டோ நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு எந்தக் குழாயானாலும் அல்ட்ராசவுண்ட் அல்லது சிடி ஸ்கேன் பார்த்து இடம் தேர்ந்த பிறகே போட வேண்டும்.

இரண்டையும் போடும் முறையில் என்ன வேறுபாடு?

இடம் ஒன்றுதான். கையைத் தூக்கி வைத்தால், முன்புற மார்புத் தசையின் விளிம்புக்கும் முதுகுத் தசையின் முன்விளிம்புக்கும் இடையே, மார்புக் காம்பின் மட்டத்துக்கு மேலே, அக்குளுக்குக் கீழே ஒரு முக்கோணம் அமைகிறது. நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளி அதற்குள் வரும். ஒவ்வொரு விலாவின் அடிவிளிம்பிலும் ரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுவதால், கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே உள்ளே போக வேண்டும்.

பெரிய குழாய்க்குத் தோலைச் சில சென்டி மீட்டர் கீறி, தசைகளை இடுக்கியால் விலக்கி, உறையைத் துளைத்து, கையுறை அணிந்த விரலை உள்ளே செலுத்திச் சுற்றித் தடவிப் பார்ப்போம். நுரையீரல் விரலில் பஞ்சு போலப் பட்டு நகரும். அந்த உணர்வு கிடைத்த பிறகுதான் குழாய்.

மெல்லிய குழாய்க்கு, ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர் 1953-இல் ரத்தக் குழாய்களுக்காக வெளியிட்ட முறையே பயன்படுகிறது. தோலையும் உறையையும் நன்றாக மரத்துப்போகச் செய்து, உறிஞ்சிக்கொண்டே ஊசியை முன்னேற்ற வேண்டும். ஊசிக்குழலில் ரத்தமோ காற்றுக் குமிழியோ வந்தால் உள்ளே வந்துவிட்டோம் என்று பொருள். ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஊசியை உருவி, கம்பியின் மேலாகவே விரிப்பானைச் செலுத்தி வழியை அகலமாக்கி, கடைசியில் குழாயை வழுக்கிவிட்டுக் கம்பியை எடுத்துவிட வேண்டும். கீறல் சில மில்லி மீட்டர்தான்.

அப்படியானால் மெல்லிய குழாயில் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று இளம் மருத்துவர்களை வேண்டிக்கொள்கிறேன். விரல் வைத்துத் தடவிப் பார்க்கும் பாதுகாப்பு இந்த முறையில் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கூரிய ஊசியும் விறைப்பான விரிப்பானும் போகின்றன. விரிப்பானை அதன் முழு நீளத்துக்கும் அழுத்தினால் அது நுரையீரலையும், கல்லீரலையும், இதயத்தையுமே குத்திவிடும். தோலிலிருந்து உறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை ஊசி போடும்போதே குறித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு சென்டி மீட்டர் அளவுக்குள் விரிப்பானை நிறுத்திவிட வேண்டும். இங்கிலாந்தின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2008-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நெஞ்சு வடிகுழாய் தொடர்பாக 12 இறப்புகளும் 15 கடும் பாதிப்புகளும் பதிவாகியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. குழாய் மெலிந்தாலும் கவனம் மெலியக் கூடாது. அல்ட்ராசவுண்ட் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் ஊசி குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வலி உண்மையிலேயே குறையுமா?

குறையும். காற்று மட்டும் தேங்கிய காயங்களுக்கு 14 பிரெஞ்சு பிக்டெயில் குழாயையும் 28 பிரெஞ்சு குழாயையும் ஒப்பிட்டு 40 பேரிடம் நடத்திய சோதனையில், போட்ட நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும் குழாய் போட்ட இடத்தின் வலி மெல்லிய குழாய்ப் பிரிவில் குறைவாக இருந்தது. வெளிவிட்டம் ஒரு சென்டி மீட்டரை நெருங்கும் குழாய் விலா இடைவெளியை அடைத்துக்கொண்டு நரம்பை அழுத்துகிறது. 14 பிரெஞ்சு அளவில் அந்த அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இது வெறும் வசதிக்கான செய்தி அல்ல. விலா முறிந்தவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமலை அடக்குகிறார். சளி தேங்கி நிமோனியா வருகிறது. வயதானவர்களை நெஞ்சுக் காயத்துக்குப் பின் கொண்டுபோவது பல நேரங்களில் அந்த நிமோனியாதான். ஆழ மூச்சு இழுத்து, இருமி, எழுந்து நடக்க முடிகிற நோயாளி பாதி தூரம் தேறிவிட்டவர். எந்தக் குழாயாக இருந்தாலும் விலா முறிவின் வலிக்கு மருந்தோ நரம்பு மரப்பு ஊசியோ தனியாகக் கொடுக்க வேண்டும்.

மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வார்கள்?

அடைப்பும் மடங்குதலும் அதன் பலவீனங்கள்தான். நோயாளி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலே குழாய் மடங்கிவிடலாம். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மூவழித் திருகு பொருத்தியிருந்தால், கிருமிநீக்கிய உப்பு நீரை 20 முதல் 30 மில்லி வரை செவிலியரோ மருத்துவரோ மெதுவாகச் செலுத்தி வழியைத் திறக்க முடியும். அதற்கும் திறக்கவில்லை, உள்ளே ரத்தமும் மிச்சம் இருக்கிறது என்றால் குழாயை மாற்ற வேண்டும். உறவினர்கள் குழாயைப் பிழிவதோ திருகைத் திருப்புவதோ வேண்டாம்.

குழாய் போட்டும் ரத்தம் தங்கிவிட்டால்?

என் அனுபவத்தில் நோயாளியின் கதியைத் தீர்மானிப்பது குழாயின் எண்ணை விட இந்தக் கேள்விதான். குழாய் போட்ட மறுநாள் எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் மங்கலாகவே இருந்தால், அது ரத்தமா, சுருங்கிய நுரையீரலா, நுரையீரல் கன்றலா என்று எக்ஸ்ரே பிரித்துச் சொல்லாது; சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். கணிசமான ரத்தம் தங்கியிருப்பது தெரிந்தால் இன்னொரு குழாய், அதைவிடப் பெரிய குழாய் என்று நாட்களைக் கடத்தக் கூடாது. சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்தி ரத்தக்கட்டிகளை அகற்றும் அறுவையை முதல் நான்கு நாட்களுக்குள் செய்துவிடுவது நல்லது என்று மேலே சொன்ன 2021 வழிகாட்டுதலும் நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. நாள் போகப் போக ரத்தக்கட்டி சுவரோடு ஒட்டி இறுகுகிறது. சீழ் பிடிக்கலாம், அல்லது தடித்த உறையாகி நுரையீரலை நிரந்தரமாக இறுக்கிவிடலாம்.

நெஞ்சில் ரத்தமோ காற்றோ இருந்தால் எல்லாருக்கும் குழாய் வேண்டுமா?

வேண்டாம். சிடி ஸ்கேனில் மட்டும் தெரிகிற சிறிய அளவு காற்றையும், 300 மில்லிக்குக் குறைவான ரத்தத்தையும், மூச்சுத் திணறல் இல்லாதவர்களிடம் குழாய் இல்லாமலே கண்காணிக்கலாம். மீண்டும் எக்ஸ்ரே எடுத்து அது கூடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். கூடினால் அப்போது குழாய்.

கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

குழாயின் மறுமுனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். வெளியே போகும் காற்று குமிழியாகப் போய்விடும், திரும்ப உள்ளே வர முடியாது. நோயாளி மூச்சு விடும்போது அந்தத் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஏற்ற இறக்கம் திடீரென நின்றுவிட்டால், குமிழி புதிதாக வரத் தொடங்கினால், சிவந்த ரத்தம் விரைவாகச் சேர்ந்தால், உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் பாட்டிலில் உள்ளது நெஞ்சுக்குள் திரும்பிப் பாயும். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை இடுக்கி போட்டு மூடவும் கூடாது. போக வழியில்லாத காற்று உள்ளே அழுத்தமாகச் சேர்ந்து இதயத்தையே நெருக்கிவிடும்.

எங்கள் நோயாளிக்கு 28 பிரெஞ்சு போட்டிருக்கிறார்கள். மெல்லியதாக மாற்றச் சொல்லலாமா?

வேண்டாம். நன்றாக வேலை செய்யும் குழாயை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவது இன்னொரு காயம். மேலும், போட்ட நேரத்தில் நோயாளியின் நிலை, கையில் இருந்த குழாய், மருத்துவரின் பயிற்சி எல்லாம் சேர்ந்தே அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கும். பெரிய குழாயை ஆயிரம் முறை போட்டுப் பழகிய கை, பழக்கமில்லாத மெல்லிய குழாயை அவசரத்தில் போடுவதை விடப் பாதுகாப்பானது. வலி தாங்கவில்லை என்றால் வலி மருந்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

குழாயை எப்போது எடுப்பார்கள்? வீட்டுக்குப் போன பின் எதற்குத் திரும்பி வர வேண்டும்?

எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்க வேண்டும்; இருமும்போதும் குமிழி வரக் கூடாது; 24 மணி நேரத்தில் வடிவது 200 மில்லிக்குக் குறைந்திருக்க வேண்டும். இவை பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல்கள். மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு, பிக்டெயிலாக இருந்தால் சுருளை இறுக்கிய நூலை முதலில் தளர்த்தி, ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார்கள். துளையைக் காற்றுப் புகாத கட்டுப் போட்டு மூடுவார்கள். பெரிய குழாய்க்குத் தையல் தேவைப்படும்.

வீட்டுக்குப் போன பின் மூச்சுத் திணறல், காய்ச்சல், குளிர் நடுக்கம், துளையிலிருந்து சீழ், நாளுக்கு நாள் கூடும் நெஞ்சு வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே திரும்பி வாருங்கள். நெஞ்சில் காற்று தேங்கியிருந்தவர்கள், அது முழுவதும் நீங்கிவிட்டது என்று எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்து, மருத்துவர் அனுமதித்த பிறகே விமானத்தில் ஏற வேண்டும். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது உள்ளே மிச்சம் இருக்கும் காற்று விரிவடையும்.